எட்டை அடித்த கை

அத்தியாயம் 14

போன வாரம் நாம் கதையை விட்டபோது சீலின் மைகூடக் காய்ந்திருக்கவில்லை. வண்டிப் பதிவு அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் உதவியாளராகக் குந்தி உட்கார்ந்து, வண்டிகளின் இரும்பில் பதித்த சேசிஸ் நம்பரைத் தாளில் தேய்த்து எடுத்தவள், நாற்பத்தொரு வயதில் துறைத் தேர்வு எழுதிச் சோதனையாளர் ஆகி, தன் பெயருக்குச் சீல் வாங்கியிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பென்சில்தான். நாமும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நாத்தனார் கேட்டது உங்களுக்கு மறந்திருக்காது. "சீல் வந்துட்டா உன் பொண்டாட்டிக்குக் கொம்பு முளைச்சிருமாடா தம்பி?"

தம்பி சிரித்து மழுப்பினார். பென்சில் பதில் சொல்லவில்லை. பொறுமைசாலி என்று யாரும் அவசரப்பட்டுப் பாராட்டிவிட வேண்டாம். அந்த நேரம் அவள் வாயில் சாப்பாடு இருந்தது.

சீல் கைக்கு வந்து இது நான்காம் நாள். வியாழக்கிழமை, காலை பத்தே கால். சோதனை முற்றத்தின் தகரக் கூரைக்குக் கீழே இருபத்திரண்டு வண்டிகள் வரிசையில் நின்றன. ஆறாவதாக ஓர் ஆகாய நீல ஸ்கூட்டர். அதன் இருக்கையில் கையை ஊன்றிக்கொண்டு, நர்ஸ் உடுப்பில் நாத்தனார். பக்கத்தில் பென்சிலின் கணவர். பழைய பைக்கும் ஸ்கூட்டரும் வாங்கிப் பழுது பார்த்து விற்கும் கடைக்காரர். நீல ஸ்கூட்டர் அவர் கடையிலிருந்து அக்காவுக்குப் போன வண்டி. இன்று பெயர் மாற்ற வந்திருந்தது.

கடைக்காரர் சும்மா நிற்கவில்லை. முன்னால் நின்றவரின் தோளைத் தட்டினார்.

"அதோ, காதுல பென்சில் செருகியிருக்காங்களே, அது என் வீட்டம்மா. இந்த ஆபீஸ்ல சீல் வாங்கின முதல் பொம்பள."

"இதை ஏற்கெனவே சொன்னீங்க."

"அப்படியா? சரி, அப்ப உங்களுக்கு முன்னாடி நிக்கறவருக்கு நீங்க சொல்லிடுங்க."

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டேய், வாயை மூடிக்கிட்டு நில்லு. எனக்கு இன்னிக்கு வண்டியோட ஆர்.சி. புத்தகம் கையில வந்தாகணும். திங்கட்கிழமையிலேர்ந்து புது ஆஸ்பத்திரி. காலை ஆறு மணி டூட்டி. அந்த நேரத்துல பஸ்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

"நம்ம ஆளு உள்ள இருக்கறப்ப என்னக்கா கவலை? பத்து நிமிஷ வேலை."

நம்ம ஆள் அப்போது அலுவலகப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அலுவலகத் தலைவரான ஆபீஸர் மர நிழலில் நின்று, பத்து நாளுக்கு முன் வாங்கிய தன் சிவப்பு பைக்கை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் துடைப்பார். தும்மினால்கூட வண்டிக்கு எதிர்ப்பக்கம் திரும்பித் தும்முவார்.

"சார், வரிசையில எங்க வீட்டு வண்டி வந்திருக்கு. அதை வேற யாராவது பாத்தா நல்லது."

"யாரும்மா இருக்கா? ஒருத்தர் லீவு, ஒருத்தர் பயிற்சிக்குப் போயிட்டார். நீங்க நம்பரைத் தேய்ச்சு எடுத்து, அந்தச் சீட்டுல சீல் வைங்க. பாரத்துல கையெழுத்து நான் போடறேன். புத்தகமும் சீட்டும் ஒத்துப்போனா சரி."

ஆறாவது வண்டியின் முறை வந்தபோது பென்சில் நாத்தனாரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பைக் என்றால் வேலை சுலபம். ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பினால் வண்டியின் கழுத்தில் நம்பர் தெரியும். நின்றபடியே தேய்த்து எடுத்துவிடலாம். ஸ்கூட்டரில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கும். இந்த வண்டியில் கால் வைக்கும் பலகைக்கு அடியில், ஒரு ரப்பர் மூடிக்குப் பின்னால். பென்சில் குந்தி உட்கார்ந்து மூடியைப் பிடுங்கி, இரும்பைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து அழுத்திப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன. எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு.

புத்தகத்தைத் திறந்து விரல் வைத்து ஒப்பிட்டாள். வெளியூர் அலுவலகம் கொடுத்த புத்தகம். முதல் புத்தகம் தொலைந்து, நாலு வருஷத்துக்கு முன் எழுதிக் கொடுத்த நகல். பதினேழும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின.

வேறு யாராக இருந்தாலும் விஷயம் இதோடு முடிந்திருக்கும். நம்முடைய கதையும் இந்த வாரம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் பென்சிலுக்கு ஒரு பழக்கம். நம்பரைத் தேய்த்ததும் சீட்டைத் திருப்பிப் போட்டு முதுகில் ஒரு கணக்குப் போடுவாள். யாரும் போடச் சொன்னதில்லை. "பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்னம்மா கணக்கு?" என்று கேலிகூடச் செய்வார்கள்.

அந்தப் பதினேழில் முதல் மூன்று, வண்டி எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்லும். அடுத்த ஐந்து, என்ன மாடல், என்ன எஞ்சின் என்று சொல்லும். பத்தாவது இடம், செய்த வருஷம். பதினொன்றாவது இடம், தொழிற்சாலை. கடைசி ஆறு, அந்தத் தொழிற்சாலையிலிருந்து எத்தனையாவதாக வெளியே வந்தது என்பது. ஐ, ஓ, க்யூ மூன்றும் எங்கேயும் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிப்போகும் என்று முதலிலேயே தள்ளிவைத்துவிட்டார்கள். உலகத்தில் இரண்டு வண்டிக்கு ஒரே நம்பர் இருக்கக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

மிச்சம் இருப்பது ஒன்பதாம் இடம். அது காவல்காரன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெருக்கல் உண்டு. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் என்ன மீதி வருகிறதோ, அது ஒன்பதாம் இடத்தில் நிற்க வேண்டும். எல்லாக் கம்பெனியும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. நீல ஸ்கூட்டரின் கம்பெனி கடைப்பிடிக்கும். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கம்பெனி வண்டி ஒன்றுகூட அவளிடம் கணக்குத் தப்பியதில்லை.

கூட்டினாள். முந்நூற்று நாற்பத்தேழு. பதினொன்றால் வகுத்தாள். மீதி ஆறு.

ஒன்பதாம் இடத்தில் இரண்டு நின்றது.

மறுபடியும் கூட்டினாள். மறுபடியும் ஆறு. கணக்கில் தப்பு இல்லை என்றால் நம்பரில் தப்பு. பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு திரும்பவும் குனிந்தாள். இந்தத் தடவை அவசரமில்லாமல், ஒவ்வோர் எண்ணின் ஓரமும் தெரியும்படி தேய்த்தாள்.

கடைசிக்கு முந்தின இடத்தில் ஓர் எட்டு. மற்றதெல்லாம் கொஞ்சம் தேய்ந்து மழுங்கியிருக்க, இது மட்டும் ஆழமாக, புதுசாக, பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. எட்டு என்பது இடது பக்கத்தை மூடிய மூன்று. அங்கே மூன்றைப் போட்டுப் பார்த்தாள். அந்த இடத்துக்குப் பெருக்கல் மூன்று, ஆகவே பதினைந்து குறைந்தது. முந்நூற்று முப்பத்திரண்டு. மீதி இரண்டு. காவல்காரன் சொன்னபடியே.

யாரோ கையால் எட்டை அடித்திருக்கிறார்கள். அந்த எட்டின் கீழ்வட்டத்தில் ஓரமாக ஒரு சின்ன உடைசல். அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். இந்த உடைசலை எங்கேயோ தினமும் பார்க்கிறோமே.

எழுந்து உள்ளே போனாள். மேசை இழுப்பறையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள். அலுவலகத்தில் எல்லார் டப்பாவும் ஒரே மாதிரி இருப்பதால் மாறிப்போகக் கூடாதென்று, கணவர் கடையில் சுத்தியலால் அடித்து எண் பதிக்கும் நம்பர் பஞ்ச் உளியால் வீட்டுக் கதவு எண்ணை அடியில் அடித்துக் கொடுத்திருந்தார். பதினெட்டு. அதன் மேல் தாளை வைத்துத் தேய்த்தாள். எட்டு வந்தது. கீழ்வட்டத்தில் அதே இடத்தில் அதே உடைசல். பதினோரு வருஷமாக டப்பா கழுவும்போதெல்லாம் அவள் விரலில் இடறிய உடைசல்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. மூடி மறைப்பானேன், நன்றாகவே பயந்துபோனாள். சேசிஸ் நம்பரில் கை வைப்பது குற்றம். என்ன நோக்கத்தில் வைத்தாலும் குற்றம். எழுதினால் கணவரின் கடை லைசென்ஸ் போகலாம். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. புத்தகத்திலும் எட்டு, சீட்டிலும் எட்டு. ஆபீஸர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். நாத்தனார் திங்கட்கிழமை ஜம்மென்று டூட்டிக்குப் போவார். சீட்டின் முதுகில் இருக்கும் கணக்கை ரப்பர் வைத்து அழித்தால் போதும்.

மேசையில் ரப்பரும் இருந்தது. அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். பிறகு கணவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டாள்.

"இந்த எட்டை நீங்களா அடிச்சீங்க?"

கடைக்காரர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது பயம் இல்லை. "அட, எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார். கண்ணெல்லாம் பெருமை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நான்தான். நம்பர் தேஞ்சு போயிருந்துச்சு. மூணா எட்டான்னே தெரியல. புத்தகத்தைப் பாத்தேன், எட்டுன்னு இருந்துச்சு. தெளிவா இருக்கட்டும்னு ஒரு அடி அடிச்சேன். நீ புதுசா சீல் வாங்கப் போறே. முதல் வாரமே கண்ணைச் சுருக்கிக்கிட்டுக் கஷ்டப்படக் கூடாதேன்னுதான்."

"பத்தொன்பது வருஷமா நான் வேற என்னங்க பண்ணிக்கிட்டு இருக்கேன்?"

அவர் குனிந்து, சொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடினார். பென்சில் தொடர்ந்தாள்.

"நகல் புத்தகம் எழுதினவங்க தேஞ்ச நம்பரைப் பாத்துத் தப்பா எழுதியிருக்காங்க. நீங்க அந்தத் தப்பை இரும்புல அடிச்சு வெச்சிருக்கீங்க. இந்த வண்டி மூணு."

"அப்ப எட்டு?"

"எட்டு இன்னொரு வண்டி. அதை எங்கேயோ யாரோ ஓட்டிக்கிட்டு இருக்காங்க."

இப்போதுதான் கடைக்காரரின் முகம் சுண்டியது. அதற்குள் நாத்தனார் வந்துவிட்டார். அவருக்குக் காது ரொம்பக் கூர்மை, பாதி விஷயம் வரும் வழியிலேயே கேட்டுவிட்டது.

"என்னடா, உன் பொண்டாட்டி சீல் வைக்க மாட்டேங்கறாளா? வீட்டு ஆளுக்கே இந்தக் கதியா? ஒரு நம்பர், அதுல ஒரு எழுத்து. அதுக்கு இத்தனை ராவடியா?"

மற்ற நாளாக இருந்தால் பென்சில் பேசாமல் இருந்திருப்பாள். இன்றைக்கு வாயில் சாப்பாடு இல்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் கேளுங்க. அந்த எட்டாம் நம்பர் வண்டி நாளைக்கு யாரையாவது இடிச்சுட்டு நிக்காமப் போனா, தேடிக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. உங்க வண்டியை எவனாவது திருடிட்டுப் போனா, அது உங்க வண்டின்னு நீங்க நிரூபிக்கவே முடியாது. விடியக்காலை தனியாப் போறவங்க நீங்க. நடு ரோட்டுல நிறுத்தி, இது உன் வண்டி இல்லன்னு ஒருத்தன் சொன்னா, உங்க பக்கம் பேச இந்த நம்பரைத் தவிர வேற சாட்சி கிடையாது. அதுவும் பொய் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

நாத்தனார் தாளைக் கையில் வாங்கினார். அதிலிருந்த எட்டை உற்றுப் பார்த்தார்.

"பிறந்த குழந்தை கையில நாங்க பட்டை கட்டுவோம்," என்றார் மெதுவாக. "அதுல ஒரு எண் அழிஞ்சிருந்தா நாங்களா எழுத மாட்டோம். குத்துமதிப்பா எழுதினவளை ஒரு தடவை நானே வார்டை விட்டு வெளிய அனுப்பியிருக்கேன்." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "நீ எழுதியிருக்கியேடா மடையா."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பென்சில் அவரிடம், "திருத்தி அடிச்சிருக்குன்னு எழுதத்தான் போறேன். உங்க பேரையும் எழுதணும்," என்றாள்.

"எழுது," என்றார் அவர். "ஆனா நீ சொல்லி நான் மாட்டினதா இருக்க வேண்டாம். வா, நானே வந்து சொல்றேன்."

மூன்று பேரும் ஆபீஸர் அறைக்குப் போனார்கள். ஆபீஸர் புத்தகத்தையும் சீட்டையும் பார்த்துவிட்டு, "ஒத்துப்போகுதேம்மா, கையெழுத்துப் போட்டுடட்டுமா?" என்று பேனாவை எடுத்தார். பென்சில் சீட்டைத் திருப்பிக் கணக்கைக் காட்டினாள். சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "அடிச்சது நான்தான் சார்," என்றார். ஆபீஸர் பேனாவை மூடினார்.

நகல் கொடுத்த வெளியூர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். முதல் பதிவேட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ ஏணி போட்டு ஏறி, தேடி, தூசியில் இருமி, திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் பென்சில் உட்காரவில்லை. கணக்கு சரிதான் என்று தெரியும். ஆனாலும் ஒரு வேளை, ஒரே ஒரு வேளை தப்பாக இருந்தால், சீல் வாங்கிய நாலே நாளில் ஊர் சிரிக்கும்.

ஆபீஸர் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் ஒவ்வொன்றாகப் படித்தது. பதினைந்து வரைக்கும் பிசகில்லை.

"பதினாறாவது?" என்றார் ஆபீஸர்.

"மூணு சார். நல்லாத் தெளிவா மூணு."

நாத்தனார்தான் முதலில் மூச்சு விட்டார். ஆபீஸர் எழுந்து நின்று, "கணக்குப் போட்டே சொல்லிட்டீங்களேம்மா," என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவளுக்காக ஓர் ஆபீஸர் எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

முடிவு இப்படி ஆயிற்று. புத்தகம் திருத்தத்துக்குப் போகும், மூன்று வாரம் ஆகும். அதுவரை ஸ்கூட்டர் அலுவலகக் காவலில். எட்டாம் நம்பருக்குச் சொந்தக்காரருக்கும் தகவல் போகும். கடைக்காரர் நம்பர் பஞ்ச் உளியை ஒப்படைத்து, நடந்ததை எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை விசாரணை. தானாக வந்து ஒப்புக்கொண்டதால் லைசென்ஸ் தப்பிக்கலாம், தப்பிக்காமலும் போகலாம். அதுவரை கடை மூடியிருக்கும்.

கடைக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "அக்கா, திங்கட்கிழமை காலையில நானே உன்னைக் கொண்டு போய் விடறேன்," என்றார்.

"எந்த வண்டியில? நீ நம்பர் அடிச்ச வண்டியிலயா? நான் நடந்தே போய்க்கறேன்."

வரிசையில் காலையில் தோளில் தட்டு வாங்கிய ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் நேராக அவரிடம் போனார். "என்ன ஆச்சுங்க?" என்று அவர் கேட்டதுதான் தாமதம்.

"என் வண்டியை நிறுத்தி வெச்சுட்டாங்க. தப்பு நம்பர். புத்தகமும் சீட்டும் ஒத்துப்போயும் கண்டுபிடிச்சுட்டா. யாருன்னு கேக்கறீங்களா? அதோ, காதுல பென்சில். எங்க வீட்டு மருமக."

பென்சில் காதில் அது விழுந்தது. பதினாறு வருஷமாக 'உன் பொண்டாட்டி' என்று மட்டும் அழைத்த வாய். அவள் சட்டென்று திரும்பி, ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை இன்னொரு தடவை சீவினாள். கண் கலங்கியதை அப்படித்தான் மறைத்தாள்.

கடைக்காரர் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றார். கடை மூடியவரைப் போலவே இல்லை, பரிசு வாங்கியவரைப் போல நின்றார். "உன்னை மாதிரி ஒருத்தி இந்த ஜில்லாவுலயே கிடையாது," என்றார். கொஞ்சம் இருமினார். "அதனால இன்னொண்ணையும் சொல்லிடறேன்."

"என்ன?"

"அதே வாரம் இன்னொரு வண்டிக்கும் ஒரு நம்பர் மங்கலா இருந்துச்சு."

பென்சில் சீவுவதை நிறுத்தினாள். "அதையும் அடிச்சீங்களா?"

"ஒரே ஒரு அடி."

"வித்தாச்சா?"

"வித்தாச்சு. பேரும் மாத்தியாச்சு. நீ சீல் வாங்கறதுக்கு முன்னாடி, பழைய சோதனையாளர் பாத்து விட்டுட்டார்."

"யாருக்கு வித்தீங்க?"

கடைக்காரரின் பார்வை முற்றத்தைத் தாண்டி மர நிழலுக்குப் போய் நின்றது. அங்கே ஆபீஸர் மஞ்சள் துணியை உதறி, சிவப்பு பைக்கின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

"திங்கட்கிழமை விசாரணை அவர்கிட்டதானே," என்றார் கடைக்காரர், மிகவும் சின்னக் குரலில்.

பென்சில் புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆபீஸர் அவளைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பானார். "வாங்கம்மா. உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதணும்னு இப்பதான் நெனச்சேன்."

"எழுதுங்க சார்," என்றாள் பென்சில். "அதுக்கு முன்னாடி, உங்க வண்டி ஹேண்டிலைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பறீங்களா?"